நாகஸ்வரத்துக்கு இரண்டு மைக்

ஏப்ரல் 3, வெள்ளி

காலையில் மேலத்தெரு கம்பத்தில் ஃபியூஸ் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில், அடியில், கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு. சென்னையில் நாதமாலை என்றொரு அறக்கட்டளை ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் நாகஸ்வர விழா நடத்துகிறது. தனிக் கச்சேரிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஒலிப்பதிவு கேட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோவில் எடுத்தது கூடாது. சபையில் மக்கள் முன்னால் வாசித்ததாக இருக்க வேண்டும். இருபது நிமிடம் வெட்டாமல் ஒட்டாமல் ஓட வேண்டும். பிறகு எந்த மெருகும் ஏற்றியிருக்கக் கூடாது. கடைசி நாள் மே 15.

அந்த மூலையை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "சந்தானம், பின்பக்கத்துல ராசிபலன் இருந்துச்சே" என்றார். உங்களுக்கு நல்ல பலன்தான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வேதவல்லி ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தாள். என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் நல்ல நாயனம் வேண்டும் என்றால் இவள் தேதியைக் கேட்டுவிட்டுத்தான் மண்டபமே பிடிப்பார்கள். தவில், அவளுடைய பெரியப்பா மகன் பக்கிரி. ஆனால் கல்யாணமும் கோயில் புறப்பாடும்தான். ஐந்து வருடமாகத் தனிக் கச்சேரி எதையும் ஒப்புக்கொள்வதில்லை. யார் கேட்டாலும் "அன்னிக்குத் தேதி இல்லீங்க" என்று ஒரே பதில்.

சாயங்காலம் என் போனில் அவள் வாசிப்பு எத்தனை கிடக்கிறது என்று தேடினேன். பதினொன்று. ஒன்றும் உருப்படி இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போனாலே நசுங்கிய டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது. கோளாறு போனில்தான். இவ்வளவு பெரிய சத்தத்தை அரிசி மணி அளவு ஓட்டையில் திணித்தால் வேறு என்ன ஆகும்? இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல மைக் வேண்டும். அவளிடம் இப்போது எதுவும் சொல்லப்போவதில்லை.

ஏப்ரல் 4, சனி

ரவூஃப் கடைக்குப் போனேன். என்னோடு எட்டாவது வரை படித்தவன். இப்போது சவுண்ட் சர்வீஸ், பந்தல் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் வைத்திருக்கிறான். நான் பாட்டுக்கு நல்ல மைக் ஒன்று கொடு என்று நின்றேன்.

"என்ன வாத்தியம்?"

"நாயனம்."

"கேக்கறதுக்கா, பதியறதுக்கா?"

"பதியறதுக்கு."

அவன் உடனே கையில் இருந்த சால்டரிங் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். "வேதவல்லிக்குத் தெரியுமா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

இரண்டு மணி நேரம் பேசினோம். எத்தனை விஷயம்! மேடையில் பாடுகிறவர்கள் கையில் பிடிக்கும் மைக் முரட்டு ஜாதி. அடித்தாலும் தாங்கும். ஆனால் வாய்க்கு நேராக வைத்தால்தான் கேட்கும், தள்ளி வைத்தால் மந்தம். இன்னொரு ஜாதி, பென்சில் மாதிரி ஒல்லியாக இருப்பது. அது தூரத்தில் இருந்தே நுணுக்கமாகக் கேட்கும். ஆனால் அதற்குள் உயிர் வர நாற்பத்தெட்டு வோல்ட் கொடுக்க வேண்டும். அதுவும் தனிக் கம்பியில் இல்லை, பாட்டு வருகிற அதே கம்பியில், எதிர்த்திசையில் அனுப்புகிறார்கள். இருபத்து நான்கு வருடமாக லைன்மேனாகக் கரண்டோடு குப்பை கொட்டுகிறேன், இப்படி ஒன்று இருப்பது தெரியாது. கம்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்புறம் திசை. பென்சில் மைக்குக்கு முன்பக்கம் கூர்மையான காது, முதுகுப் பக்கம் ஏறக்குறைய செவிடு. எது வேண்டாமோ அதற்கு முதுகைக் காட்டி வைத்துவிடலாம். எங்கள் உதவிப் பொறியாளரிடம் நான் பல வருடமாகச் செய்துவருவதும் இதுதான்.

சோதித்துப் பார்க்க மூன்று விதம் கொடுத்தனுப்பினான். மேடை மைக் ஒன்று, சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று, பென்சில் மைக் ஒன்று. கூடவே உள்ளங்கை அளவு ரெக்கார்டர், பேட்டரியில் ஓடுவது, மைக்குக்கு வேண்டிய நாற்பத்தெட்டு வோல்ட்டையும் அதுவே கொடுத்துவிடும்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துபோனேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வேதவல்லி காலை ஐந்தரைக்குச் சாதகம் ஆரம்பிப்பாள். அதற்குள் கூடத்தில் மைக்குகளை நட்டுவிட்டேன். நாயனத்தின் வாயில் மாட்டும் நாணல் சீவாளியை நனைத்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"என்னங்க இது?"

"கோயில் கமிட்டியில மைக் வாங்கறாங்க. எது தேவலாம்னு பாத்துச் சொல்லச் சொன்னாங்க."

"மைக்செட்டுக்கா?"

"ஆமா."

"பதிவு கிதிவு எதுவும் பண்ணாதீங்க."

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

முடிவுகள்: சட்டை மைக் பயன் இல்லை. முதல் நீண்ட சுரத்திலேயே சிவப்பு விளக்கு, சுரம் கரகரவென்று உடைந்துவிட்டது. மேடை மைக் உடையவில்லை, ஆனால் போர்வைக்குள் வாசித்த மாதிரி. பென்சில் மைக்கிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. மனசு விட்டுப்போய் ரவூஃபுக்குப் போன் போட்டேன். "பக்கவாட்டில பொடி சுவிட்ச் ஒண்ணு இருக்கும் பாரு. அதத் தள்ளு" என்றான். தள்ளினேன். அது உள்ளே வரும் சத்தத்தை வாசலிலேயே பாதிக்குக் குறைத்து அனுப்புகிற சுவிட்ச். விளக்கு பச்சைக்கு வந்துவிட்டது. ஊக்கு முனையால் தள்ள வேண்டிய அளவு சின்னது, அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

வாங்கும்போது அந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதை இங்கே பெரிதாக எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்று அடித்த சூறைக்காற்றில் நாலு கம்பம் சாய்ந்துவிட்டது. நாளெல்லாம் வயலில். மைக்கைத் தொட முடியவில்லை. கம்பத்து உச்சியில் இருந்தபோது தூரத்தில் எங்கோ சாவு மேளம் கேட்டது. கீழே இருந்ததைவிட மேலே தெளிவாக இருந்தது. உயரமும் ஒரு கணக்குதான் போலிருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

ஒரே நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்து எவ்வளவு நாளாகிறது!

தரையில் சாக்பீஸால் அடிக்கணக்குக் கோடு போட்டு, வேதவல்லி வாசிக்க வாசிக்க, மைக்கை ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு நகர்த்தினேன். ஓரடியில் மூச்சு இரைவது மட்டும் பெரிதாகக் கேட்கிறது. நாயனத்தின் அடிவாய்க்கு நேராக வைத்தால் காதைக் கிழிக்கிறது. எல்லாரும் அங்கேதான் வைக்கிறோம், சத்தம் அங்கேயிருந்து வருகிறது என்று நினைத்து. சத்தம் விரல் துளைகளில் இருந்தெல்லாம் வருகிறது. குழல் முழுக்கப் பாடுகிறது. மூன்றடியில் பரவாயில்லை. ஆறரை அடிக்குப் போய், ஸ்டாண்டைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களைப் பார்த்து மைக்கைச் சாய்த்தேன்.

வந்துவிட்டது. ஹெட்போனுக்குள் வேதவல்லி. கூடத்தில் அவள் முன்னால் நின்று கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததுக்குப் போகும்போது நடுவில் ஒரு நெளிவு வருமே, அதுகூட. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"காலு வலிக்குதா?" என்றாள்.

"இல்ல, நீ வாசி."

பத்து மணிக்கு ரவூஃப் கடை. வாங்குவது என்று முடிவாகிவிட்டது. பெரிய கம்பெனி மைக் ஒன்றா, பெயர் தெரியாத கம்பெனியின் பென்சில் மைக் ஜோடியா? ரவூஃப் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "மலிவு மைக்குல என்ன குறைன்னா, உள்ளுக்குள்ள லேசா ஒரு இரைச்சல் இருக்கும். வீணைக்கு வச்சீன்னா அது தெரியும். நாயனம் அந்த இரைச்சல முழுங்கி ஏப்பம் விட்டுரும். நமக்கு வேண்டியது சத்தத்தத் தாங்குற மைக். இது தாங்கும். சுவிட்சும் இருக்கு."

ஜோடிதான். இரண்டு காதுக்கு இரண்டு. விலையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, என் பழைய வண்டிக்கு டயர் மாற்றுவதை ஆடிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன் என்பதோடு சரி.

ஏப்ரல் 15, புதன்

பார்சல் வந்தது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பஞ்சில் படுத்திருக்கின்றன. காற்று அடித்தால் புஸ்ஸென்று இரையாமல் இருக்க ரோமக் குல்லாவும் வந்திருக்கிறது. பீரோவில் என் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தோல்வி. முழுத் தோல்வி.

நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம். வேதவல்லிக்கு முன்பே போய், மேடை ஓரத்துத் தூணுக்குப் பின்னால் மைக்குகளை வைத்தேன். நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். மேலே மின்விசிறி இருப்பதைக் கவனிக்கவில்லை, ரோமக் குல்லாவையும் மாட்டவில்லை. வீடியோக்காரர் வந்து, படத்தில் விழுகிறது என்று ஸ்டாண்டைச் சமையற்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். பதிவில் இருப்பது என்னவென்றால், மின்விசிறிக் காற்று, நடுநடுவே கெட்டிமேளம், "சாம்பாரு மூணாவது பந்திக்கு வராது" என்று ஒருவர் நான்கு முறை சொல்வது.

அதைவிடப் பெரிய தோல்வி, முகூர்த்தம் முடிந்து இறங்கிய வேதவல்லி நேராக என் ரெக்கார்டருக்கு முன்னால் வந்து நின்றது. பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"கமிட்டிக்கா?" என்றாள்.

நான் ரெக்கார்டரை நிறுத்தினேன்.

"அழிச்சிடுங்க."

அவள் கண்ணெதிரிலேயே அழித்தேன். சாம்பார்க்காரரும் போனார்.

ஏப்ரல் 20, திங்கள்

பக்கிரி வீட்டுக்குப் போனேன். தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். அறிவிப்புத் துண்டைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"தங்கச்சி வாசிச்சா கெடைக்கும், மாப்பிள்ள. வாசிக்கணுமே."

"ஏன் மச்சான் கச்சேரியே வேணாம்னு ஆயிடுச்சு அவளுக்கு?"

அவர் வாரை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவே கேக்கறீங்களா?"

அறிவிப்புத் துண்டைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"அஞ்சு வருஷம் முன்னாடி திருவாரூர்க் கச்சேரி முடிஞ்சு வேன்ல வர்றோம். எட்டு பேரு இருந்தோம். நீங்க போன்ல எடுத்தத எல்லாருக்கும் போட்டுக் காட்டினீங்க. போட்டுட்டு நீங்களே சிரிச்சிக்கிட்டு, என்ன வேதம், தகரத்தக் கிழிக்கிற மாதிரி இருக்குன்னீங்க. நாங்களும் சிரிச்சோம். அது சிரிக்கல. வீடு வர்ற வரைக்கும் அது வாய் தொறக்கல. நான் அதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

டீ கொண்டுவந்தார்கள். குடித்தேன். வழியில் சிலிண்டர் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22, புதன்

எழுத ஒன்றும் இல்லை. வீட்டில் பேச்சும் இல்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

வேனில் நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. இந்த நோட்டில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், போனைக் குறை சொல்லி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். சொன்னவன் யார் என்று எழுதவில்லை. சொன்னவன் நான்தான். இப்போது எழுதிவிட்டேன்.

காலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அறிவிப்பைப் பக்கத்தில் வைத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"எனக்குத் தெரியாம அனுப்பறதா இருந்தீங்களா?"

"மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். இப்ப இல்ல."

கீரையை எடுத்தாள். ஒரு கட்டு முழுக்க ஆய்ந்து முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். கடைசியில் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சித்திரைத் திருவிழாவுல சாயங்காலம் மண்டபத்துல ராகம் வாசிப்பேன். வருஷாவருஷம் வாசிக்கறதுதான். உங்களுக்காக இல்ல. நீங்க மைக் வச்சா வச்சிக்குங்க. எங்கண்ணுல படக்கூடாது. எங்கிட்ட வந்து கேளு கேளுன்னு நிக்கக்கூடாது."

சரி என்றேன். சரி என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "ஒரு தடவ சொன்னா போதும்" என்றாள்.

ஒரே ஒரு வாய்ப்பு. மே 1. ஏழு நாள் இருக்கிறது!

ஏப்ரல் 28, செவ்வாய்

நானும் ரவூஃபும் கோயில் மண்டபத்தை அளந்தோம். திருவிழாவுக்கு மைக்செட் அவன்தான். வேதவல்லி உட்காரும் இடத்தில் ரவூஃப் உட்கார்ந்து, கண்ணுக்கு எது எது தெரிகிறது என்று சொன்னான். அவள் இடதுபுறம் யாளித் தூண். அதன் மேல் விளிம்பில் ஸ்டாண்டைக் கட்டினால் அவள் கழுத்தைத் திருப்பினால் ஒழியத் தெரியாது. அவளிடம் இருந்து ஆறரை அடி தள்ளி, எட்டடி உயரத்தில். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு மைக்கின் முதுகு. தவில் வலதுபுறம், அதுவும் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது, நல்லதுதான். பக்கிரி கை இரண்டு ஊருக்குக் கேட்கும்.

ஒரு சிக்கல். சோதித்துக் கேட்டால் அடியில் "உம்" என்று ஒரு முனகல். இது என் இலாகா. சீரியல் விளக்குக் கம்பியும் மைக் கம்பியும் இருபதடி தூரம் கட்டிப்பிடித்துக்கொண்டு போயிருந்தன. பிரித்தேன். எங்கே கடந்தே ஆகவேண்டுமோ அங்கே குறுக்காக மட்டும் கடக்கவிட்டேன். முனகல் பெரும்பாலும் போய்விட்டது. பெரும்பாலும்தான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டியில் இருந்தே வருகிறது, அதை நான் ஒன்றும் செய்ய முடியாது.

மே 1, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தாள். காம்போதி. மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். நான் யாளித் தூணுக்குப் பின்னால், ஹெட்போனோடு, ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு. விளக்கு பச்சை. நாயனம் நன்றாக இருந்தது. ஆனால் அதே நாயனம் ஒலிபெருக்கி வழியாகவும் வந்து, ஒரு நொடியில் சிறு பங்கு பிந்தி மோதியது. கூடவே அந்த முனகல். ஒருவர் முகத்துக்கு முன்னால் மெல்லிய துணி தொங்குகிற மாதிரி. இதுதான் கிடைக்கும், இதைத்தான் அனுப்ப வேண்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எட்டாவது நிமிடம். கரண்ட் போய்விட்டது.

ஒலிபெருக்கி, விசிறி, சீரியல் விளக்கு, வெளியே ராட்டினக் கடையில் ஓடிய பாட்டு எல்லாம் ஒரே வீச்சில் நின்றது. வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது, மண்டபத்துக்குள் ஆள் முகம் தெரிந்தது. எல்லாரும் கரண்ட்காரன் எங்கே என்று திரும்பினார்கள். அதாவது என்னைத் தேடி.

அவள் நிறுத்தவில்லை.

ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அடுத்த சுரத்தை முன்பைவிடச் சன்னமாக ஆரம்பித்தாள். என் மடியில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது, பேட்டரி அல்லவா. ஹெட்போனுக்குள் அந்தத் துணி விலகியிருந்தது. முனகல் இல்லை. பிந்தி வருகிற இரண்டாவது நாயனம் இல்லை. கல் மண்டபமும் அவளும் மட்டும்.

போன் நடுங்கியது. அந்தோணி, எங்கள் பிரிவில் இன்று டூட்டி அவனுக்கு. ஹெட்போனை ஒரு காதில் இருந்து மட்டும் விலக்கி எடுத்தேன்.

"அண்ணே, கோயில் டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் போயிருச்சு. பக்கத்துலதான் நிக்கறேன். ரெண்டு நிமிஷத்துல போட்டுடறேன்."

இருபத்து நான்கு வருட வேலையில் நான் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. "அவசரப்படாத அந்தோணி. கம்பியெல்லாம் நல்லாப் பாத்துட்டு, பொறுமையாப் போடு."

"கம்பி நல்லாத்தாண்ணே இருக்கு."

"இன்னொரு தடவ பாரு."

"அக்கா வாசிக்கறாங்களாண்ணே?" என்றான்.

"ஆமா."

"எனக்கு இங்கேயே கேக்குது. பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றான்.

அடுத்தது ரவூஃப். வடக்கு வாசலில் ஜெனரேட்டர் பக்கத்தில் குனிந்து, அதைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்திருந்தான். கமிட்டிச் செயலாளர் கையை ஆட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ரவூஃப் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இந்தத் தடவை எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெளிவாகத் தெரியும். அவன் கயிற்றை விட்டுவிட்டுச் செயலாளர் காதில் ஏதோ சொன்னான். செயலாளர் அவனை முறைத்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்தார். அங்கே ஒருவரும் அசையவில்லை. அவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் மேலே போனாள். போனில் என்றைக்கும் நசுங்கிப்போகும் அந்த இடம். அங்கே போய் நின்றாள், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விளக்கு பச்சையில் இருந்து மஞ்சளுக்குத் தொட்டுவிட்டு இறங்கியது. சிவப்பு வரவில்லை. பக்கிரி அது வரை கை கட்டி இருந்தவர், அவள் இறங்கி வரும் பாதையில் தவிலில் ஒரு சொல், ஒரே ஒரு சொல் போட்டார். மண்டபம் முழுக்க "ஆகா" என்றது. பல்லவி எடுத்தாள்.

கரண்ட் போனதில் இருந்து இருபத்து மூன்று நிமிடம் பதிவாகியிருக்கிறது. விளக்கு வந்தபோது அவள் சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வருகையில் என்னைக் கடந்து போனாள். நான் எதுவும் கேட்கவில்லை. மாவு அரைக்கக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தோம்.

மே 5, செவ்வாய்

பதிவை நாலு இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். நான் பதினாறு தடவை கேட்டுவிட்டேன். பக்கிரி ஒரு தடவை கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். அந்தோணி சாப்பாட்டு நேரத்தில் கேட்டான். சோறு ஆறிப்போனது.

அவள் மட்டும் கேட்கவில்லை. கேளு கேளு என்று நிற்கக்கூடாது என்பது பேச்சு. நிற்கவில்லை.

மே 9, சனி

ரெக்கார்டரைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருந்தேன். மத்தியானம் பார்த்தால் பீரோவுக்குள் இருக்கிறது. காக்கிச் சட்டைக்கு அடியில் இல்லை, அவள் புடவைக்கு மேல்.

மே 12, செவ்வாய்

கடைசி நாளுக்கு மூன்று நாள். இன்று காலைச் சாதகம் முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நான் கேக்காம அனுப்ப மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"தேதி போயிடுமே."

"போகட்டும்."

கொஞ்ச நேரம் சீவாளிகளை அடுக்கினாள். பிறகு கையை நீட்டினாள். ஹெட்போனைக் கொடுத்தேன். மாட்டத் தெரியாமல் இடதை வலதில் மாட்டிக்கொண்டாள். திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அழுத்தினேன்.

நான் வேலைக்குப் போகவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்காது. அவள் முகத்தில் இருந்தும் எதுவும் தெரியவில்லை. விரல்கள் மட்டும் முழங்கால் மேல் துளை மூடித் திறந்துகொண்டிருந்தன. அந்த மேல் இடம் வரும்போது விரல்கள் நின்றுவிட்டன. கண்ணை மூடிக்கொண்டாள்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இப்படியா வாசிக்கறேன்?"

"எப்பவும் இப்படித்தான் வாசிக்கற."

"அப்ப அன்னிக்கு..."

"அன்னிக்கும் இப்படித்தான் வாசிச்ச. போன்ல வந்தது வேற. எனக்கு அதுகூடத் தெரியல. எட்டு பேரு முன்னால வாய்க்கு வந்தத சொன்னேன். தப்பு என்னுது வேதம்."

ஐந்து வருடத்தில் இதைச் சொல்ல எத்தனை காலை இருந்திருக்கிறது. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "நீங்க சொன்னதத்தான் இத்தன நாளும் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். "வாசிக்கும்போதெல்லாம் காதுக்குள்ள அதுதான் ஓடும். கரண்டு போச்சே, அப்ப ஒண்ணும் கேக்கல. நானும் நாயனமும்தான்."

எழுந்து அடுக்களைக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"பல்லவியில ரெண்டாவது சுத்து, ஒரு எடத்துல பிடி நழுவியிருக்கு."

"வெட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"யாரு வெட்டச் சொன்னா? இருக்கட்டும். எனக்குத் தெரியுதுன்னு சொன்னேன்" என்றாள். "அனுப்புங்க."

மே 13, புதன்

அனுப்பியாகிவிட்டது. விண்ணப்பத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். "பயன்படுத்திய ஒலிப்பதிவுக் கருவிகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. அரைப்பக்கம் எழுதினேன். பக்கத்தில் நின்று படித்தவள், "அவங்க கேட்டது ஒரு வரி" என்றாள். இருந்தாலும் ஒரு வரியைக்கூட அடித்துவிடவில்லை.

மே 27, புதன்

தகவல் இல்லை. எருமை உரசி, இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி தளர்ந்த மூன்று கம்பங்களைச் சரிசெய்தோம். திருத்துறைப்பூண்டியில் இருந்து ஒருவர் வந்து ஆனிக்குக் கச்சேரி கேட்டார். அவள் காலண்டரை எடுத்துப் பார்த்தாள். நான் தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்கிற மாதிரி வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "பதினாலாந் தேதி வரேன்" என்றாள்.

ஜூன் 3, புதன்

காலை பத்து மணி. நான் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரம், வேதவல்லி போன் அடித்தது. சென்னை எண். அவள் என்னைப் பார்த்தாள். நான் எடுக்கட்டுமா என்று கையை நீட்டினேன். அவளே எடுத்து, எல்லாரும் கேட்கிற மாதிரி அழுத்திவிட்டுப் பேசினாள்.

"வேதவல்லி அம்மாங்களா? நாதமாலையில இருந்து பேசறோம். நாலு பேரு உக்காந்து கேட்டோம்மா உங்க காம்போதிய. ரெண்டாம் நாள் சாயங்காலம் உங்களுக்குக் கொடுத்திருக்கோம். ரெண்டு மணி நேரம். வர முடியுமா?"

அவள் குரல் துளி மாறவில்லை. கல்யாணத்துக்குத் தேதி கொடுக்கிற குரல்தான்.

"வரேங்க. பெரியப்பா மகன் தவில். ஒத்து, தாளம் நாங்களே கூட்டிட்டு வந்துடுவோம்."

"ரொம்ப சந்தோஷம். ஹால்ல முந்நூறு பேரு உக்காரலாம். புதுசா சவுண்ட் சிஸ்டம் போட்டிருக்கோம். உங்களுக்கு மேடையில எத்தன மைக் வேணும்னு சொன்னீங்கன்னா..."

"முந்நூறு பேருதானேங்க, ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றாள்.

இவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பையை ஒரு தோளில் மாட்டியபடி நான் நின்ற கோலம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் ரெண்டு மைக் எடுத்துக்கிட்டு வருவாரு. அது பதியறதுக்கு. அவரு எங்க வைக்கணும்னு சொல்றாரோ அங்க எடம் கொடுத்துடுங்க. எங்கண்ணுக்கு நேரா வச்சாலும் பரவாயில்ல."